நாடா வெட்டிய பிறகு



கணினியைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் நம் ஊர் மின்நிலையத்தில் இருந்து தொடங்குகிறேன். பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 8 கிலோமீட்டர் அளவு நீளமான சுரங்கத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து, 1976இல் உக்குவளையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். நாடா வெட்டியவர்களின் வேலை அன்றோடு முடிந்தது. அதன் பிறகு இரவும் பகலும் முறைவைத்து எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர்களால்தான் அந்தத் தண்ணீர் இன்றும் சுது கங்கையில் விழுந்து வடக்கே வயல்களுக்குப் போகிறது. அவர்களுடைய பெயர் இந்தச் சபையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொண்டர்கள் கூடி எழுதும் திறந்த மூல மென்பொருளுக்கும் இதே கதைதான். நம் நாட்டிலேயே அதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது: சஹனா.

2004 டிசம்பர் 26. கடல் ஏறி வந்து இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் முகாம் முகாமாகச் சொந்தங்களைத் தேடி அலைந்தார்கள். காணாமல் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது, எங்கே என்ன தேவை? எல்லாம் தனித்தனிக் கடதாசிகளில் கிடந்தன. கொழும்பின் கணினித்துறை இளைஞர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, சில வாரங்களுக்குள் இதற்கெல்லாம் ஒரு மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்கு வீடாக நின்றது. சஞ்சீவ வீரவரண, சமிந்திர டி சில்வா போன்றவர்கள் முன்னின்றார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் சஹனா என்ற பெயரை அதற்கு வைத்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். தட்டத்தான் வேண்டும். ஆனால், நான் மெச்சுவது அந்த வாரங்களை அல்ல. அழிவு வந்த அன்று எல்லோரும் ஓடி வருவார்கள். அது நம் மக்களின் குணம். அவசரம் தணிந்து, தொண்டர்கள் அவரவர் அலுவலகங்களுக்குத் திரும்பிய பிறகு அந்த மென்பொருள் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. அதுவோ ஒரு நாட்டுக்காக, ஒரு நெருக்கடிக்காக, அவசரத்தில் எழுதப்பட்டது. அப்படியே விட்டிருந்தால் மறு வருடமே தூசி படிந்திருக்கும்.

சிலர் விடவில்லை. 2005இல் சுவீடனின் உதவி நிறுவனமான சிடாவின் நிதியோடு, எந்த நாடும் எடுத்துப் பயன்படுத்தும் விதமாக அதைத் திரும்ப எழுதினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் காஷ்மீரில் பூமி அதிர்ந்தபோது பாகிஸ்தானுக்கு அது கைகொடுத்தது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் ஜாவாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் போனது. சமூகப் பயனுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்த ஆண்டு சஹனாவுக்குக் கொடுத்தது. 2009இல் அதற்கென்றே தனி அறக்கட்டளை உண்டானது. பி.எச்.பி. என்ற கணினி மொழியில் பிறந்தது பைத்தான் மொழிக்கு மாறி, 2010இல் நிலநடுக்கம் கண்ட ஹெய்ட்டிக்கும் போய்ச் சேர்ந்தது.

இத்தனை நாடுகளுக்கும் அது போய்ச் சேர, இடையில் நடந்த வேலை என்ன? பதிப்புப் பதிப்பாக வெளியிடுவது, அதாவது வெளியீடு. கேட்பதற்குச் சின்னச் சொல். ஒரு திகதி குறித்து, இதற்கு மேல் புதிய வசதி எதுவும் வேண்டாம் என்று கதவை அடைக்க வேண்டும். ஆசையோடு எழுதிக் கொண்டுவருகிற தம்பியிடம் "இது அடுத்த முறைக்கு" என்று மனம் நோகாமல் சொல்ல வேண்டும். வழுக்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பழைய பதிப்பில் இருக்கிற தரவு புதிய பதிப்பில் கெடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எப்படி நிறுவுவது என்று, எழுதியவருக்கு மட்டுமல்ல, மற்றவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும். இதற்கெல்லாம் மாலையோ பொன்னாடையோ கிடைக்காது. ஏ.எல். முடித்த நம் பிள்ளைகள் புதுத் திட்டம் தொடங்குவதில் மகா கெட்டிக்காரர்கள். இரண்டாம் வெளியீடு எங்கே என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது!

பெரிதாக ஒன்றைச் செய்து ஒரேயடியாக வெளியிடலாம் என்று காத்திருக்கும் திட்டங்கள் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பிலேயே முடிந்துபோகின்றன. சிறிதாக, சொன்ன திகதியில் வெளியிடுங்கள். கடவுச்சொல்லும் வெளியிடும் உரிமையும் ஒரே ஆளின் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. அவருக்குக் கல்யாணம் ஆகலாம், வேலை மாறலாம், கட்டாருக்குப் போகலாம்.

ஒருவரே சுமந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 2024இல் பார்த்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. பின்லாந்துக்காரரான லாஸ்ஸே கொலின் அதைச் சம்பளம் இல்லாமல், ஏறக்குறைய தனியாகவே பல வருடங்கள் பராமரித்தார். தமக்கு மனநலச் சிரமங்கள் இருப்பதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். முகம் தெரியாத பெயர்கள் வந்து, ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று நெருக்கின. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 5.6.0 என்ற வெளியீட்டுக்குள் கள்ளக்கதவு ஒன்றை வைத்து அனுப்பினார். அன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்து, மார்ச் 29இல் அதை அம்பலப்படுத்தினார். இல்லாவிட்டால் எத்தனையோ கணினிகளின் கதவு திறந்து கிடந்திருக்கும். ஏமாந்தவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அத்தனை நிறுவனங்கள் அந்தக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தியும், அவருடைய தோளுக்குப் பக்கத்தில் ஒரு தோள் இல்லாமல் போனதே, குற்றம் அதுதான்.

ஆகவே மாணவர்களே, நிரல் எழுதத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பை இறக்கி ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறது என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். தமிழ் இடைமுகத்தில் பாதியில் நிற்கிற வரிகளை மொழிபெயர்த்து முடியுங்கள். அதைப் பராமரிப்பவரிடம் "எப்போது வரும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நான் எதைச் செய்து தரட்டும்?" என்று கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.