பாலிஷ் போடும் முன் கவிழ்த்துப் பாருங்கள்



ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு சாய்வு நாற்காலியோ கண்ணாடி பதித்த பீரோவோ இன்றும் இருக்கும். வீட்டில் கல்யாணம் என்றால் பாலிஷ்காரர் வருவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அவர் கை வைக்கும் முன் அந்தச் சாமானைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். செய்தவர் பெயர் இருந்தால், அது கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கும்: இழுப்பறையின் அடிப்பலகை, இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம், பீரோவின் முதுகு. டார்ச் விளக்கும் மெல்லிய தூரிகையும் போதும். ஈரத்துணி மட்டும் வேண்டாம். ஒட்டியிருப்பது காகிதச் சீட்டு என்றால் எழுத்தே போய்விடும்.

மரத்தை வளைத்துச் செய்து, பிரம்புப் பின்னல் போட்ட நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். அதன் வட்டச் சட்டத்தின் உள்விளிம்பில் 'தோனெட்' என்று அழுத்திப் பதித்திருக்கலாம். வியன்னாவில் தொழில் நடத்திய மிகாயேல் தோனெட் 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு மொத்தம் 6 மரத்துண்டுகள்தான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேறி உலகமெங்கும் போனது அதனால்தான். 1869-ல் காப்புரிமை முடிந்ததும் கோன் முதலிய நிறுவனங்களும் அதையே செய்தன. ஆகவே உருவத்தை மட்டும் வைத்துத் தோனெட் என்று சொல்லிவிட முடியாது, முத்திரை வேண்டும். சீட்டில் செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அது 1918-க்குப் பிந்தியது. அந்த நாடு பிறந்ததே அப்போதுதான்.

பலர் ஏமாறுவது பூட்டில். பித்தளைப் பூட்டில் 'சப்' என்றோ 'ஹாப்ஸ், லண்டன்' என்றோ கண்டதும் பீரோவே லண்டன் என்று விலை பேசுகிறார்கள். அது பூட்டுக்காரர் பெயர். பெட்டி நம்மூர் ஆசாரி செய்ததாகவே இருக்கலாம். திருகாணியும் அப்படித்தான். கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930-களில் வந்தது. ஆனால் பிற்காலத்தில் பழுது பார்த்தவர் போட்டதாகவும் இருக்கும். பழைய துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் கரைக்குக் கொழும்பு பக்கம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் போய்வந்தன. கொழும்பில் 1860-லேயே டான் கரோலிஸ் மரச்சாமான் தொழிலைத் தொடங்கிவிட்டார். மகாபோதி சங்கத்தை நிறுவிய அநகாரிக தர்மபாலரின் தகப்பனார் அவர். இலங்கையில் வியாபாரம் செய்த குடும்பத்துச் சாமான் என்றால் அந்தப் பெயரையும் தேடிப் பாருங்கள். முதிரை மரத்தில் செய்தது என்பதாலேயே இலங்கைச் சாமான் என்று முடிவு கட்ட வேண்டாம். முதிரை இக்கரையிலும் வளர்கிறது.

எந்தப் பெயருமே அகப்படாவிட்டால் என்னைக் கேட்டால் அதுதான் பெரிய புதையல். நம் ஆசாரிமார் பெயர் வெட்டுவதில்லை. எந்தக் கால் எந்த மூலைக்கு என்று தெரிய உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு போட்டிருப்பார்கள். கழுந்தைத் துளையில் இறக்கி மூங்கில் ஆணி அடித்திருப்பார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யார் என்பது வீட்டில் மூத்த அப்பத்தாவுக்கோ தாத்தாவுக்கோ தெரிந்திருக்கும். எந்த ஊர் ஆசாரி, யார் கல்யாணத்துக்குச் செய்தது, மரம் எங்கே வாங்கியது என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு தாளில் எழுதி, இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள்.