பிள்ளைகளின் மனச்சுமையும் பெற்றோர் கடமையும்



குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் நாம் என்ன செய்கிறோம்? இராத்திரி என்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே பிள்ளை பதினான்கு வயதில் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தால், "திமிரு புடிச்சிருக்கு, ரெண்டு போட்டா சரியாயிடும்" என்கிறோம். உடம்புக்கு நோவு வருவது போல மனதுக்கும் நோவு வரும். அதற்கும் சிகிச்சை உண்டு.

இது பட்டணத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

உதாரணத்துக்கு, ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்தால் வயிற்றில் கோளாறு இல்லை. "நடிக்கிறா" என்கிறார் அப்பா. "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்கிறார் பாட்டி. உண்மை என்ன? வீட்டில் தினமும் கடன் சண்டை. பஸ்ஸில் ஒருவன் கேலி செய்கிறான். சொல்லி அழ ஆளில்லை. வாயால் சொல்ல முடியாதது வயிற்றுவலியாக வருகிறது. அது நடிப்பு அல்ல. வலி நிஜமான வலிதான்.

வேறு அறிகுறிகளும் உண்டு. சிறு பிள்ளை, விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையில் சிறுநீர் கழிப்பதை மறுபடி தொடங்கும். வளரும் பிள்ளைக்குத் தூக்கமும் பசியும் மாறும்; தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும்; மார்க் குறையும். வேலை கிடைக்காத வாலிபன் யாரோடும் பேசமாட்டான், குடிக்கப் பழகுவான். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சும்மா இருக்கக் கூடாது.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அனுப்புவார்கள். "கரண்ட் வைப்பாங்களோ?" என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் பேச்சுதான் வைத்தியம். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பயம் வரும்போது மூச்சை நிதானமாக விடவும், கஷ்டத்தைச் சிறு சிறு துண்டாக்கிச் சமாளிக்கவும் பழக்குவார்கள். உங்களையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஒரே நாளில் தீராது; சில வாரங்கள் போய்வர வேண்டும். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது.

"ஊருக்குத் தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?" என்று ஒரு தாய் கேட்கலாம். சிகிச்சை விவரம் இரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்துள்ள உரிமை.

இனி முக்கியமான விஷயம். "நான் செத்தாத்தான் நிம்மதி" என்று பிள்ளை சொன்னால், "மிரட்டுறான்" என்று தள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் திறக்கத்தான் வழி பிறக்கும். அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியவர் கையில் வையுங்கள். தற்கொலை எண்ணம் பல சமயம் திடீரென்று வந்து சற்று நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாவிட்டால் ஓர் உயிர் தப்பும். பரீட்சை முடிவு வரும் நாளில் கூடுதல் கவனம் தேவை. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் தவறினால் அந்த வருடமே துணைத்தேர்வு எழுதலாம் என்பதை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

அவசர ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த 'டெலி மானஸ்' சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1098-க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தாய் பரிந்து பேச, தகப்பன் அடிக்க, இருவரும் அதற்காகச் சண்டை போட்டால் பிள்ளையின் பாரம் இரட்டிப்பாகும். கணவன் மனைவி இருவரும் முதலில் கலந்து பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். பிறகு தினமும் பத்து நிமிடம், மார்க்கைப் பற்றிக் கேட்காமல், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், "இன்னிக்கு எப்படிப்பா இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.