மலையூரில் மனையறம்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூரைக் கடந்ததும் வருவது ராஜகீழ்ப்பாக்கம். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் இங்கே மனை வாங்கினேன். அப்போது நகரத்திலிருந்த உறவினர்கள் நகைத்தார்கள். "பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறாயே! பள்ளிக்கூடம் எங்கே? மருத்துவர் எங்கே?" என்று கேட்டார்கள். "ஏரிக்காற்றும் கிணற்று நீரும் போதும், பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்" என்று விடை சொன்னேன். பிள்ளைகளும் வளர்ந்தார்கள்; ஊரும் வளர்ந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது எங்கள் ஊரும் அதனுள் அடங்கிற்று. இன்று சாலையைக் கடப்பதற்கே ஒரு நல்ல நேரம் பார்க்கவேண்டியிருக்கிறது.

இந்நிலையில் என் மகளும் மருமகனும் ஒருநாள் என் முன் வந்து அமர்ந்தார்கள். தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் குடியேறி, தங்கள் நான்கு வயதுப் பெண்ணை அங்கேயே வளர்க்க எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் உறவினர்கள் கேட்ட அதே கேள்விகளை, ஒரு சொல்லும் மாறாமல் கேட்டேன்!

"நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்வீர்கள், மாப்பிள்ளை?" என்றேன். அவர் தலை குனிந்திருந்தார். மகள்தான் விடை சொன்னாள்: "அங்கே பிறக்கிற குழந்தைகளுக்கும் காய்ச்சல் வருமே, அப்பா. அவர்கள் என்ன செய்கிறார்களோ அதைத்தான் நாங்களும் செய்வோம்."

குறை காணவேண்டும் என்ற கருத்தோடுதான் நான் சிட்டிலிங்கிக்குப் புறப்பட்டேன். சென்ட்ரலில் ரெயிலேறி, மொரப்பூரில் இறங்கி, அரூர் சென்று, அங்கிருந்து பஸ்ஸில் போகவேண்டும். கல்வராயன் மலையும் சித்தேரி மலையும் இருபுறமும் அணைத்து நிற்க, நடுவே கிடக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. அங்கு வாழ்வோரில் பெரும்பாலார் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் தமிழ் மக்கள் அவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பியரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. அதைக் கேட்டபோது எனக்குச் சற்று நாணமாக இருந்தது. எங்கள் தொண்டை நாட்டிலிருந்து மக்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனவர்களில் என் மகள் முதல்வள் அல்லள்!

நள்ளிரவுக் காய்ச்சலுக்கு விடையையும் அங்கேதான் கண்டேன். ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993-ல் அவ்வூருக்கு வந்தார்கள். இருவரும் ஆலப்புழையில் மருத்துவம் பயின்று, காந்திகிராமத்து மருத்துவமனையில் பணி செய்தவர்கள். அந்நாளில் சிட்டிலிங்கியிலிருந்து அரூர் மருத்துவமனைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அறுவைச் சிகிச்சை என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 147, ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்பது அவர்கள் தரும் கணக்கு. ஏழு குழந்தைகளுக்கு ஒன்று! நல்ல காற்றும் தெளிந்த நீரும் அந்தக் குழந்தைகளுக்கும் இருந்தனவே! இல்லாதிருந்தது கை கொடுக்க ஓர் ஆள்.

ஊரார் எழுப்பிக் கொடுத்த குடிசையில், ஒரு நூறு வாட் விளக்கின் கீழ் மருத்துவம் தொடங்கிற்று. அவ்வூர்ப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள். சிற்றூர்த் தாய்மார்கள் சுகாதாரப் பணியாளர்களாகி, வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்களைக் கவனித்தார்கள். குழந்தை மரணம் நாளடைவில் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த மருத்துவர்கள் அங்கே வந்து போகிறவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைகளையும் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வளர்த்தவர்கள். அதன்பின் ஒரு கட்டடக் கலைஞர் தம்பதியர் வந்து, "துளிர்" என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். உழவர்கள் கூடி இரசாயனமில்லாச் சாகுபடிக்குச் சங்கம் கண்டார்கள். மறையும் நிலையிலிருந்த தம் தையற்கலையை லம்பாடிப் பெண்கள் மூதாட்டிகளிடம் மீண்டும் கற்றுக்கொண்டு, அதைத் தொழிலாக்கினார்கள்.

மலையை நாடிக் குடும்பத்தோடு சென்றவர்கள் நம் நாட்டில் முன்னும் உண்டு. 1858-ல் உதகைக்கருகே லாரன்ஸ் பள்ளி எழுந்தது, ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக. 1901-ல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் ஒரு பள்ளி கண்டார்கள், தம் பிள்ளைகளுக்காக. நல்ல பள்ளிகளே, ஆயினும் அவை எழுந்தபோது, அம்மலைகளில் வழிவழியாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்காக எழுந்தவை அல்ல. இன்று ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் மனை வாங்குகிற நம்மவர் பலரும் மலையின் குளிர்ச்சியைத்தான் வாங்குகிறார்கள். மலையூராரின் உறவை அன்று. வேலி போட்டுக்கொண்டு மலையில் வாழ்ந்தால், அது உயரத்தில் வைத்த நகரமே அல்லவா?

எனவே, மலையூரில் குழந்தை வளர்க்க விழைவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "என் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கும்?" என்பது அன்று. "அங்கே இருக்கும் பிள்ளைகளோடு என் பிள்ளையும் ஒன்றாக வளருமா? அவர்களுக்கு நல்ல பள்ளியும் மருத்துவமும் கிடைக்க நானும் ஒரு கை கொடுப்பேனா?" என்பதே கேள்வி. அவ்வூராருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் மறக்கலாகாது. நமக்கு வாழ்க்கை கசந்தால் இறங்கி வந்துவிடலாம். அவர்களுக்கு அந்த வசதி எளிதன்று. இதை நான் மகளுக்கும் மருமகனுக்கும் சொன்னேன். தடை சொல்வதை விட்டு, நான் சொன்ன ஒரே புத்திமதி அது.

அவர்கள் சென்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எல்லாம் இனிமை என்று சொல்லமாட்டேன். முதல் மழைக்காலத்தில் வீடு ஒழுகிற்று; திண்ணையில் ஒருமுறை பாம்பு வந்தது; பேத்திக்குக் காய்ச்சலும் வந்தது. அன்றிரவு பக்கத்து வீட்டு அம்மாள், அழைக்காமலே வந்து விடியும்வரை உடனிருந்தாராம். அந்த அம்மாள் தம் தலைப்பிள்ளையை அந்தக் குடிசை மருத்துவமனை வருவதற்கு முன் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் என்று பின்னரே மகளுக்குத் தெரிந்தது.

சென்ற கோடை விடுமுறையில் பேத்தி ராஜகீழ்ப்பாக்கம் வந்திருந்தாள். கையில் ஒரு சிறு பையில் தினை மாவு. "இது பக்கத்து வீட்டுக்கு, தாத்தா. அவர்கள் பெயர் என்ன?" என்று கேட்டாள். அண்டை வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பெயர் தெரியவில்லை.

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நானே போய் அந்தக் கதவைத் தட்டினேன்.