முதலில் கழற்றுவது உடலிணைப்பு



மகிழுந்தின் முன்விளக்கு எரியவில்லை, ஊதொலி எழவில்லை. பட்டறைக்குச் சென்றால் ஒரு நாட்பொழுது கழியும். ஆதலின் வீட்டு வாயிலிலேயே தம் கையால் செப்பனிட்டுக்கொள்ள முனைவார் பலர். முனைவது நன்றே, தன் வண்டியின் உள்ளுறுப்பை அறியாதவன் அதற்கு முழுதும் உரியவன் ஆகான். ஆயினும் மின் தொடர்பான எவ்வேலைக்கும் முன்னர்ச் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அது மின்கல அடுக்கின் இணைப்பை நீக்குதல். நீக்கவேண்டும் என்பதைப் பலரும் அறிவர். எம்முனையை முதலில் நீக்குவது என்பதையே அறியார். அறிந்தோரும் ‘மைனசை முதலில் கழற்று’ என்று கிளிபோற் சொல்வரேயன்றி, ஏன் என்று கேட்டால் விழிப்பர். ஏன் என்பது விளங்கிவிட்டால் வரிசை மறவாது. அது விளங்காமற் போனதற்குப் பாதிக் குற்றம் ஒரு சொல்லின்மேல் இருக்கிறது.

ஊரார் ‘பேட்டரி’ என்று வழங்குவது ஒற்றைக் கலம் அன்று. ஈயத்தகடுகளும் நீர்த்த கந்தகக் காடியும் அடங்கிய ஆறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்த அடுக்கு அது. பிரெஞ்சு நாட்டறிஞர் பிளாண்டே 1859-இல் அமைத்த ஈயக் கலத்தின் வழிவந்தது. கலம் ஒன்றுக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறும் சேர, மின்னேற்றம் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு. ‘பேட்டரி’ என்பது பீரங்கி வரிசைக்கு வழங்கிய பெயர். மின்னைத் தேக்கும் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாய் இணைத்த பெஞ்சமின் பிராங்கிளின் அவ்வரிசைக்கு அப்பெயரை ஆண்டார். ‘மின்கல அடுக்கு’ என்னும் தமிழ்ச்சொல்லோ பீரங்கியைச் சுற்றி வாராமல் பொருளை நேரே காட்டிவிடுகிறது.

‘பன்னிரண்டு வோல்ட்டுத்தானே, என்ன செய்துவிடும்?’ என்பார் உளர். உலர்ந்த கையால் தொட்டால் அஃது அதிர்ச்சி தராது என்பது மெய்தான். ஆனால் இங்கே இடர் அதிர்ச்சியில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது. பொறியைக் கிளப்பும் வலிமை முழுவதும் அச்சிறு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதன் இருமுனைகளையும் ஓர் இரும்புத் துண்டு இணைத்துவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அக்கணமே பாயும். மரையை முடுக்கும் இசுபானர் முனையோடு பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். இடையில் விரலின் பொன்மோதிரம் அகப்பட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுடும், உதறியெறியவும் வாராது. மோதிரத்தையும் வளையலையும் மணிக்கட்டின் மாழைப் பட்டையையும் களைந்து வைத்துவிட்டே வண்டியின் முன்மூடியைத் திறத்தல் வேண்டும்.

இனி, அந்தக் குற்றமுள்ள சொல். மின்கல அடுக்கின் எதிர்முனையிலிருந்து தடித்த கம்பி ஒன்று சென்று வண்டியின் இரும்புடலில் இணைந்திருக்கும். இதனைப் பட்டறையார் ‘எர்த்து’ என்பர். எர்த்து என்றால் நிலம். வண்டியோ இரப்பர் உருளைகளின்மேல் நிற்கிறது. நிலத்தோடு அதற்கு மின்தொடர்பே இல்லை! வீட்டு மின்னமைப்பிலும் எர்த்து என்று ஒரு பச்சைக் கம்பி உண்டு. அது மெய்யாகவே நிலத்துள் செல்வது. பழுது நேர்ந்தால் உயிர்காப்பது. மற்றபடி மின்னோட்டம் இன்றி வாளா கிடப்பது. இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் இருத்தலால், வண்டியின் எர்த்தும் அத்தகைய தீங்கற்ற கம்பியே என மயங்கி, ‘அது கிடக்கட்டும், மின் வரும் பிளசை முதலில் எடுப்போம்’ என்று கைவைக்கிறார்கள். விளைவு என்ன? வண்டியின் உடல் முழுவதும், அதன் பொறி, சட்டம், மூடி, தாங்கி எல்லாமே எதிர்முனையின் நீட்சியாய் நிற்கின்றன. நேர்முனையின் மரையைத் திருகும் இசுபானரின் மறுநுனி பக்கத்து இரும்பில் பட்டால், நேர்முனையும் எதிர்முனையும் அந்த ஒரு கோலால் இணைந்துவிடும். நெருக்கமான அவ்விடத்தில் படாமலிருப்பதே அரிது.

‘உடலிணைப்பு’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்; வழி தானே விளங்கும். உடலோடு இணைந்ததை முதலில் கழற்றும்போது இசுபானர் உடலில் பட்டாலும் ஒன்றும் நேராது; இரண்டும் ஒரே முனை. அது கழன்றபின் மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி இல்லை. பிறகு நேர்முனையைத் திருகுகையில் கோல் வண்டியின் உடலில் இடித்தாலும் தீங்கில்லை.

பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மாரிசு மைனர் அவற்றுள் ஒன்று. அவ்வண்டியைப் பேணுவோர் ‘மைனசு முதலில்’ என்னும் வாய்பாட்டை நம்பினால், எதனைத் தவிர்க்க எண்ணினாரோ அதிலேயே சிக்குவர். ‘உடலிணைப்பு முதலில்’ என்பதோ அவ்வண்டிக்கும் பொருந்தும், இன்றைய வண்டிக்கும் பொருந்தும். நிறத்தையும் முழுதும் நம்பவேண்டா. சிவப்பு உறை வெளுத்திருக்கும், யாரேனும் மாற்றியும் இட்டிருப்பர். முனைகளின் அருகே பொறித்த குறியைப் பார்த்து, கம்பி சென்று சேருமிடத்தைக் கண்ணால் தொடர்ந்து காண்க.

செய்முறை எளிது. பொறியை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, திறவுகோலை எடுத்துவிட வேண்டும். பொறி ஓடும்போதே இணைப்பைக் கழற்றி மின்னாக்கியைச் சோதிப்பது பழைய பட்டறை வழக்கம். இன்றைய வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் எகிறி மின்னணுக் கருவிகளைக் கெடுக்கும். கவ்வியின் மரையைத் தளர்த்தி, நெம்பாமல், மெல்ல அசைத்து மேலே தூக்குக. கழற்றிய கம்பியைத் துணியால் சுற்றி, முனையிற் படாதவாறு ஒதுக்கி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் அது தானே வளைந்து பழைய இடத்துக்கு வந்து தொடும். காற்றுப்பை உள்ள வண்டியில் உடனே கைவைத்தல் கூடாது. எத்தனை மணித்துளி பொறுக்க வேண்டும் என்பதை வண்டியோடு தந்த கையேடு சொல்லும். மின்னாலேயே ஓடும் புதுவண்டிகளில் செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சுமப்பவை. சிறிய அடுக்கைக் கழற்றிவிட்டதால் அவற்றைத் தொடலாம் என்று எண்ணற்க. அது பயிற்சி பெற்றோர் வேலை.

மின்னேற்றம் பெறுங்கால் இவ்வடுக்கு ஐதரசன் வளியை வெளிவிடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது கலந்தாலே ஒரு பொறி பட்டு வெடிக்கும். வெடித்தால் காடி முகத்தில் தெறிக்கும். ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும்; சுருட்டும் பீடியும் அண்டலாகா. முனையைச் சுற்றிப் பூத்த வெண்பொடியை ஆப்பச் சோடா கரைத்த நீரால், மூடித்துளையில் புகாமல், துடைத்தெடுக்கலாம். கண்ணில் காடி பட்டால் மருந்து தேடி ஓடாமல், அங்கேயே தூய நீரைக் கால்மணி நேரமேனும் விடாது ஊற்றிக் கழுவி, அதன்பின் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

வேலை முடிந்து மீள இணைக்கும்போது வரிசை தலைகீழ்: நேர்முனை முன்னர், உடலிணைப்பு இறுதியில். இறுதியில் தொடும்போது சிறு பொறி எழக்கூடும். அதற்கு வெருண்டு பாதியில் கையை இழுக்காமல், ஒரே அழுத்தில் கவ்வியை இறக்கி மரையை முடுக்குக. கையால் திருப்பிப் பார்த்தால் அது அசையக்கூடாது. மணிப்பொறியும் வானொலியும் நினைவிழந்திருக்கும், அவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.