மக்குப் பிள்ளை என்று யாரும் இல்லை
(மன்னார் உப்புக்குளத்தில் பெற்றோர்களிடம் பேசியது)



நம் முன்னோர் இந்த மன்னார்க் கரையில் இறங்கித்தான் கால்நடையாக மலைநாட்டுக்குப் போனார்கள். பலருக்குக் கைநாட்டுத்தான். நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம்.

சில பிள்ளை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லும். வாசிக்கச் சொன்னால் திணறும். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். புத்திக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. அடித்தால் தீராது.

சென்னையில் 1990களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடி மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தைத் தொடங்கினார்கள். 2016இல் இந்தியச் சட்டமே இக்குறையை ஏற்றுக்கொண்டது. கேட்டதால்தான் கிடைத்தது.

நாம் என்ன செய்வது? முதலில் ஆஸ்பத்திரியில் கண்ணையும் காதையும் காட்டுங்கள். பிறகு, அரைப் பேர் போனாலும் போகட்டும், வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "எம் புள்ளைய முன்னுக்கு உட்கார வையுங்க சார். வாயால கேட்டுப் பாருங்க. எழுதக் கொஞ்சம் கூட நேரம் குடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? நாங்களும் கூட வருகிறோம்.

நம் நாட்டில் 16 வயது வரை படிப்புக் கட்டாயம் என்று 2016இல் விதி வந்தது. படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.