பயத்துக்கு முகம் கொடுத்தல்

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக முள்ளிக்குளத்தில் கூடிய பழைய மாணவிகள் முன் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் குழுவினர் எங்களிடம் கேட்டது பெண்களின் உடல்நலம் பற்றிய உரை. நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் வேறு வைத்தியர்கள் பேசிவிட்டார்கள. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கப்படும் ஒரு நோயை இன்று எடுத்துக்கொள்கிறோம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு என்பதை நம்மில் பலர் அறியாமலே இருக்கிறோம்.

எண்ணச் சுழல் நோய் என்று அதைத் தமிழில் சொல்லலாம். கிளினிக் துண்டில் ஓ.சி.டி. என்று எழுதுவோம். அழையாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து மனதைக் குடையும். அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கை கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல், எண்ணுதல், மனதுக்குள் செபம் சொல்லுதல், "ஒன்றும் நடக்காதுதானே?" என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டே இருத்தல் எல்லாம் இதில் அடங்கும். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வருகிறது. நூற்றாண்டு கண்ட ஒரு பாடசாலையில் நம்மோடு வாங்கில் இருந்து படித்தவர்களிலும் இது இருந்திருக்கும். விடைத்தாளை எழுதி எழுதி அழித்து நேரம் போதாமல் போன பிள்ளையை, கழிவறையிலிருந்து பிந்தி வந்து ஏச்சு வாங்கிய பிள்ளையை நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

இந்த நோய் கொண்டுவரும் எண்ணங்கள் சில வாய்விட்டுச் சொல்ல முடியாதவை. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாத தாய்க்கு, "இந்தக் கத்தியால் பிள்ளையைக் குத்திவிடுவேனோ" என்று ஓர் எண்ணம் வரும். அவள் நடுநடுங்கிக் கத்தியை ஒளித்து வைப்பாள், பிள்ளையைத் தூக்கப் பயப்படுவாள், யாரிடமும் சொல்லமாட்டாள். சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள், பைத்தியம் என்பார்கள் என்று அவளுக்குப் பயம். எண்ணத்தைக் கண்டு அருவருத்து அதிலிருந்து ஓடுகிற தாய் அந்த எண்ணத்தின்படி நடக்கப்போகிறவள் அல்ல. ஆனால் காதில் குரல் கேட்கிறது, பிள்ளை பேயாகிவிட்டது என்று நம்புகிற தாய்க்கு இருப்பது வேறு நோய். அவளை அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வா, ஜாக் ராக்மனுடன் சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் எதுவும் இல்லாத சாதாரண ஆட்களிடம் இப்படியான வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் உண்டு என்றார்கள். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது, வந்த வழியே போகிறது. நோயாளி மட்டும் அதற்குப் பொருள் கற்பித்து, அதை விரட்ட ஏதாவது செய்யத் தொடங்குகிறார். விரட்டும் செயலே நோயை வளர்க்கிறது. கழுவினால் பத்து நிமிடம் ஆறுதல். "கழுவியதால்தான் தப்பினேன்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. கழுவாவிட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று அறிய அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. பதகளிப்பு நோய்களும் இப்படித்தான். பஸ்ஸில் ஏறப் பயந்து ஏறாமல் விட்டவருக்கு அடுத்த தடவை பயம் கூடுமே தவிரக் குறையாது.

சிகிச்சை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. பயப்படும் பொருளுக்குப் படிப்படியாக முகம் கொடுப்பது ஒரு பாதி. முகம் கொடுத்த பிறகு வழக்கமான செயலைச் செய்யாமல் இருப்பது மறு பாதி. முதல் பாதிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தை, அவன் சாப்பிடும் நேரத்தில் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்து போக்கியதை 1924இல் எழுதினார். மறு பாதியைச் சேர்த்தவர் லண்டனில் பணிபுரிந்த விக்டர் மெயர். அதுவரை தீராத நோய் என்று கருதப்பட்டதில் இரண்டு நோயாளிகள் நன்றாகத் தேறியதை 1966இல் வெளியிட்டார்.

எப்படிச் செய்வது? எங்கள் கரையில் வாழும் ஓர் அம்மாவை எண்ணிப் பார்ப்போம். இது ஒருவரின் கதை அல்ல, பலரிடம் காண்பவற்றைச் சேர்த்துச் சொல்கிறோம். கணவர் கடலால் வந்தால் குளிக்கும்வரை வீட்டுக்குள் விடமாட்டார். வலையைத் தொட்ட கையால் பிள்ளையைத் தொட்டால் பிள்ளைக்கு நோய் வரும் என்ற பயம். தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற இடத்தில் நாளுக்குப் பத்துக் குடம் கைக்கே போகிறது. கைத்தோல் வெடித்துவிட்டது.

முதலில் அவரோடு இருந்து ஓர் ஏணி வரைவோம். படலைக் கொளுக்கியைத் தொடுவது 30 புள்ளிப் பயம். வலைக் கயிற்றைத் தொடுவது 50. கணவர் கடலால் வந்த சாரத்தோடு இருந்த வாங்கில் தானும் இருப்பது 70. வலையைத் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்குவது 90. கீழ்ப் படியில் தொடங்குவோம். கொளுக்கியைத் தொட்டுவிட்டு, கழுவாமல், அந்தப் பதற்றத்தோடு இருக்க வேண்டும். பயம் ஏறும், சற்று நேரம் நிற்கும், பெரும்பாலும் தானாக இறங்கும். சில நாள் இறங்காமலும் இருக்கலாம். அதிலும் பயன் உண்டு. பயத்தோடு இருந்துகொண்டே சோறு காய்ச்சலாம், பிள்ளையைத் தலைவாரி அனுப்பலாம் என்று அவர் கற்றுக்கொள்கிறார். சமைக்க முன்னும் கழிவறை போன பின்னும் எல்லோரையும் போல ஒரு தடவை கழுவுவதை நாங்கள் தடுப்பதில்லை.

ஒவ்வொரு படியிலும் ஏறுவது அவருடைய சம்மதத்தோடுதான். பிடித்துத் தள்ளுவதும், கையைக் கட்டுவதும், "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிரிப்பதும் சிகிச்சை அல்ல, கொடுமை. பொதுவாகப் பன்னிரண்டு தொடக்கம் இருபது அமர்வுகள், இடையில் வீட்டிலே தினமும் பயிற்சி. ஃபுளுவொக்செற்றின், சேர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உதவும். அவை வேலை செய்யப் பல வாரங்கள் எடுக்கும் என்பதால் இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிடக் கூடாது.

வீட்டாரின் பங்கு பெரியது. பாசத்தால் நாம்தான் அவர்களுக்காகப் பூட்டைப் பார்க்கிறோம், தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறோம், நூறு தடவை "ஒன்றுமில்லை" என்கிறோம். அது நோய்க்குப் போடும் சாப்பாடு. ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நோயாளியோடு பேசி ஒப்புக்கொண்டு குறைக்க வேண்டும். "இந்தக் கேள்வியை உன்ரை வருத்தம் கேட்குது. நான் பதில் சொல்லேல்லை, ஆனால் உன்னோடை இருக்கிறன்" என்று சொன்னால் போதும்.

மூன்று சமயத்தவரும் வாழும் மாவட்டம் மன்னார். நோயும் மூன்று உடுப்பிலும் வருகிறது. துடக்குப் பார்ப்பது ஒரு வழக்கம். ஆனால் துடக்குக் கழிந்த பிறகும் வாரக்கணக்கில் கழுவுவது வழக்கம் அல்ல. முஸ்லிம் சகோதரிகள் இதை வஸ்வாஸ் என்று அறிவார்கள். உளூச் செய்யும்போது உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவ வேண்டாம், சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அவர்களுடைய மார்க்க அறிஞர்களே சொல்கிறார்கள். கத்தோலிக்கருக்கு புனித இஞ்ஞாசியாரின் வாழ்க்கை தெரியும். 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது, பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி கிடைக்காமல் தவித்தார். கடைசியில், கடந்தவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பின்னரே விடுபட்டார். நாங்கள் இன்று சிகிச்சையில் கேட்பதும் அதைப் போன்றதுதான். செபமாலையை ஒரு தடவை சொல்லுங்கள், பராக்கு வந்தாலும் திரும்பத் தொடங்க வேண்டாம் என்போம். பாவம் செய்யச் சொல்வதில்லை. தேவையானால் பங்குத்தந்தையையோ மௌலவியையோ சேர்த்துக்கொண்டே செய்வோம்.

முள்ளிக்குளத்தில் நின்றுகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2007 செப்டெம்பரில் இந்த ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பிறகும் ஊர் கடற்படையிடம் இருந்தது. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில்களில் இருந்தார்கள். 2017இல் தெருவோரம் இருந்து போராடிய பிறகே ஒரு பகுதியை விடுவதற்கு இணக்கம் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் "பயத்துக்கு முகம் கொடு" என்று சொல்வதற்கு முன் நாங்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: ஆபத்து உண்மையா, அல்லது ஆபத்து போன பிறகும் தங்கிவிட்ட பயமா? உண்மையான ஆபத்துக்குப் பயப்படுவது நோய் அல்ல. காணி இல்லாதவரின் கவலைக்கு ஏணி வரைய முடியாது, காணிதான் கொடுக்க வேண்டும். மாறாக, வெடி ஓய்ந்து பல வருடங்களுக்குப் பிறகும் படலைச் சத்தத்துக்கு உடல் பதறுகிறதென்றால் அதற்குச் சிகிச்சை உண்டு.

அதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின், 2005 தொடக்கத்தில், வடகிழக்கின் ஒரு தற்காலிக முகாமில் மனவடு அறிகுறிகள் இருந்த 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு குழுவினர் தம் வாழ்க்கைக் கதையை, பயங்கரமான பகுதிகள் உட்பட, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். மற்றக் குழுவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதங்களின் பின் முதற் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாம் குழுவில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். இரண்டு வழியும் உதவின. பெரிய மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நன்கு பயிற்றப்பட்ட நம்மவர்களே பெருமளவு செய்யலாம் என்பதே அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆகவே சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒன்று, ஆசிரியைகளாக இருக்கும் தங்கைமார் அழித்தழித்து எழுதும் பிள்ளையை, கழுவிக்கொண்டே நிற்கும் பிள்ளையைத் தண்டிக்காமல் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு, தயங்குபவரோடு ஓர் ஆள் சேர்ந்து உளநல கிளினிக்குக்குப் போங்கள். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை அழைக்கலாம். மூன்று, கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் உளவியல் படித்த பழைய மாணவிகள் இருக்கிறீர்கள். இந்தச் சிகிச்சை காணொளி வழியாகவும் பயன் தருகிறது. இங்குள்ள உளவளத்துணையாளர்களுக்குத் தமிழில் பயிற்சி கொடுக்க மாதத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்குப் போடும் கல்லில் ஒரு பங்கை இதற்கும் போடலாம் என்று தாழ்மையுடன் கேட்கிறோம்.

உரை முடிந்த பிறகு நாங்கள் மாமரத்தடியில் இருப்போம். தனியாகப் பேச விரும்புபவர்கள் வாருங்கள். தேநீர் குடிக்க வந்ததாகவே மற்றவர்கள் நினைப்பார்கள்.