இயந்திரத்தின் முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை இயந்திரத்துக்குத் தானாகப் பொருந்துவதில்லை. இயந்திரத்தின் உள்ளே நடப்பதை வெளியே நிற்பவர் அறிய வேண்டுமாயின், அதற்கென ஒரு முகத்தை யாரேனும் ஆக்கிக் கொடுத்தல் வேண்டும். மின்குமிழ், அளவுகாட்டும் முள், ஆளி, எச்சரிக்கை மணி, இக்காலத்தில் கணனித் திரை ஆகிய யாவும் அம்முகத்தின் உறுப்புக்களே. அம்முகம் பொய் கூறுமாயின் யாது நிகழும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்துச் சான்றாக நிற்கின்றது.

பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹானா ஆற்றின் நடுவே மூன்று மைல் தீவு என்னும் இடம் உள்ளது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில், 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆந் திகதி அதிகாலை 4 மணியளவில், நீர் செலுத்தும் பம்பிகள் சில நின்றுபோயின. உலையின் அமுக்கம் ஏறியது. அதனைத் தணிப்பதற்கென அமைந்த வால்வு ஒன்று உரியபடி திறந்தது. அமுக்கம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். ஆனால் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறத் தொடங்கிற்று.

கட்டுப்பாட்டு அறையிலோ அவ்வால்வுக்குரிய மின்குமிழ் அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்றே ஊழியர் கருதினர். உண்மையில் அம்மின்குமிழ் வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வுக்கு அனுப்பப்பட்ட கட்டளையையே காட்டியது. மூடுக என்ற கட்டளை சென்றதும் குமிழ் அணைந்தது. கட்டளை நிறைவேறியதா என்பதை அது அறியாது. வெளியேறிய நீர் சேரும் தொட்டியின் அளவுகாட்டியைப் பார்த்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். ஆனால் அது பலகையின் பின்புறத்தில், ஊழியரின் கண்ணிற் படாத இடத்தில் இருந்தது.

இதற்கிடையில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே வேளையில் எழுந்தன. முதன்மையானது எது, சிறியது எது என்று பிரித்தறிய வழியில்லை. எச்சரிக்கைகளை அச்சிட்ட கணனியும் ஒரு கட்டத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகப் பின்தங்கிவிட்டது. உலையில் நீர் மிகுந்துவிட்டதென மயங்கிய ஊழியர், அதனைக் காக்கவென வந்த நீரையே குறைத்தனர். இரண்டு மணித்தியாலத்துக்கு மேற் சென்ற பின்னரே நீர் வெளியேறும் வழி அடைக்கப்பட்டது. அதற்குள் பெருஞ்சேதம் தொடங்கிவிட்டது. உலையின் எரிபொருட் பகுதியில் ஏறத்தாழ அரைவாசி உருகியதெனப் பின்னர் கண்டறியப்பட்டது.

விபத்தை ஆராய்ந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜோன் கெமனி. கணனியை எல்லா மாணவரும் கையாளுதற்கென 1964இல் பேசிக் என்னும் கணனி மொழியை ஆக்கிய இருவருள் அவர் ஒருவர். ஊழியரின் பிழைகளை அவ்வாணைக்குழு மறைக்கவில்லை. எனினும் அவர்கள் பெற்ற பயிற்சியும் அவர்கள் முன்னிருந்த கட்டுப்பாட்டுப் பலகையும் குறையுடையன என்பதை அது எடுத்துக் காட்டிற்று.

இவ்வுண்மை அதற்கு முன்னரே ஓரளவு அறியப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பி-17 என்னும் குண்டுவீச்சு விமானத்தை நலமாக இறக்கிய விமானிகள் சிலர், இறக்கை மடலை மடக்குவதற்குப் பதிலாகச் சில்லுகளையே மடக்கிவிட்டனர். விமானம் நிலத்தில் அமர்ந்து சிதைந்தது. அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலறிஞர் விமானியின் அறையைப் பார்த்தார். இரண்டு ஆளிகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. ஒன்றிற் சிறு சில்லின் வடிவையும், மற்றையதில் ஆப்பின் வடிவையும் பொருத்தும்படி செய்தார். கை தொட்டதுமே வேறுபாடு விளங்கிற்று.

கணனித் திரை வந்த பின்னும் இப்பாடம் முற்றாகக் கற்கப்படவில்லை. 1985க்கும் 1987க்கும் இடையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான தெராக்-25 என்னும் கதிர்வீச்சு இயந்திரத்தினால் ஆறு நோயாளர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுட் சிலர் இறந்தனர். முதற் காரணம் கணனி நிரலில் இருந்த பிழை. ஆனால் ஆபத்து நேர்ந்த வேளைகள் சிலவற்றில் திரை கூறியது ‘கோளாறு 54’ என்பதே. அதன் பொருளை உடனிருந்த கைந்நூல் விளக்கவில்லை. ஒரு விசையை அழுத்தினால் சிகிச்சையைத் தொடரலாம் என்ற வசதி மாத்திரம் இருந்தது.

நல்ல திரை என்பது வண்ணமும் அலங்காரமும் நிறைந்த திரையன்று. நடந்ததை உள்ளபடி கூறுவது. பெரிய ஆபத்தைச் சிறு குறையினின்று பிரித்துக் காட்டுவது. அடுத்துச் செய்யத் தக்கதை விளங்கும் மொழியில் உணர்த்துவது. மனிதனின் மறதியை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது. வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல, அட்டையைத் திருப்பிக் கொடுத்த பின்னரே பணத்தை நீட்டுகின்றன. பணம் கைக்கு வந்ததும் வந்த காரியம் முடிந்ததென அட்டையை மறந்து செல்வது மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்து வரிசையை மாற்றியமைத்தமையால், அறிவுரை எதுவுமின்றியே அட்டை காக்கப்படுகின்றது.

இன்று ஓய்வூதியம் பெறும் முதியவரும், மருந்து கொடுக்கும் தாதியும், விண்ணப்பம் அனுப்பும் மாணவனும் ஏதேனும் ஒரு திரையின் முன் நிற்க வேண்டியவராகின்றனர். விளங்காதபோது தமக்கு அறிவு போதாதென்று நாணி ஒதுங்குவோர் பலர். அந்நாணம் பெரும்பாலும் அவர்களுக்கு உரியதன்று. திரையை அமைப்போர், அதனை என்றுமே கண்டிராத ஒருவரை அதன் முன் அமர்த்தி, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துத் திருத்துவாராயின், பின்னர் வரும் ஆயிரம் பேரின் தயக்கம் நீங்கும்.